மின் கொள்முதல் ஒப்பந்தங்களில் அட்டவணை விதிகள்: யூனிட் விலைக்குப் பின்னால் இருக்கும் 96 கூறுகள்

பெங்களூரு: கர்நாடகத் தலைநகரின் ஆனந்தராவ் சதுக்கத்தை அடுத்துள்ள ரேஸ் கோர்ஸ் குறுக்குச் சாலையில், தென்னிந்தியா முழுமைக்குமான மின்சாரக் கணக்கு ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எழுதப்படுகிறது. ‘கிரிட் இந்தியா’ நிறுவனத்தின் தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம் அங்குதான் இயங்குகிறது. கர்நாடக மாநிலத்துக்கான மின்சுமை பகிர்வு மையமும் அதே சாலையில்தான் உள்ளது. தமிழகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், புதுச்சேரி ஆகியவை மத்திய மின் நிலையங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் நாளை எந்த நேரத்தில் எத்தனை மெகாவாட் எடுத்துக்கொள்ளலாம் என்பதை இந்த மண்டல மையம் வெளியிடும் அட்டவணையே முடிவு செய்கிறது.

அரசு மின்சாரம் வாங்குகிறது என்ற செய்தி வெளியாகும்போதெல்லாம் யூனிட் விலைதான் தலைப்பில் இடம்பெறும். ஐந்து ரூபாயா, எட்டு ரூபாயா என்பதில் விவாதம் தொடங்கி அங்கேயே முடிந்தும் விடும். ஆனால் ஒரு மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் உண்மையான செலவு, அதன் நடுப்பக்கங்களில் உள்ள அட்டவணைப் பிரிவில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்று யார், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும். சொன்னதை எப்போது வரை மாற்றலாம். கேட்ட மின்சாரத்தை எடுக்காவிட்டால் யார் பணம் தர வேண்டும். தருவதாகச் சொன்னவர் தராவிட்டால் என்ன தண்டம் என்பன அந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கும். நுகர்வோர் மாதந்தோறும் செலுத்தும் கட்டணத்தில் இந்த விதிகளுக்குக் கணிசமான பங்கு உண்டு.

*கால் மணி நேரக் கணக்கு*

மின்சாரத்தைப் பெருமளவில் கிடங்கில் அடுக்கி வைக்க இயலாது. பேட்டரிகளும் நீரேற்று மின் நிலையங்களும் வந்துகொண்டிருந்தாலும் மொத்தத் தேவையில் அவற்றின் பங்கு இன்னும் சிறிது. எனவே விற்பவரும் வாங்குபவரும் அளவை மட்டும் பேசினால் போதாது, நேரத்தையும் பேசியாக வேண்டும். இந்தியாவில் ஒரு நாள், தலா 15 நிமிடங்கள் கொண்ட 96 நேரக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நள்ளிரவு 12 மணி முதல் 12.15 வரை முதலாவது கூறு. இரவு 11.45 முதல் 12 வரை 96ஆவது கூறு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மெகாவாட் எண் எழுதப்படும். 100 மெகாவாட் என்று ஒரு கூறில் எழுதினால் 25,000 யூனிட் மின்சாரம் கைமாறுகிறது என்று பொருள்.

இந்த முறை தென் மாநிலங்களில் வணிக நடைமுறைக்கு வந்தது 2003ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின் அடிப்படையில், ‘கிடைப்புத்தன்மை சார் கட்டணம்’ என்ற பெயரில் மண்டலம் மண்டலமாக அது அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் சிற்பி எனப் பொறியாளர் பானு பூஷண் மின்துறையில் குறிப்பிடப்படுகிறார். அதற்கு முன்பு ஒரு மாநிலம் தன் பங்குக்கு மேல் உறிஞ்சினாலும், தேவையில்லாத நள்ளிரவில் ஒரு நிலையம் முழு வேகத்தில் உற்பத்தி செய்தாலும், அதற்கென உடனடி விலை ஏதும் இருக்கவில்லை. 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண், மாலை வேளைகளில் 49க்கும் கீழே சரிந்து கிடப்பது அப்போது வாடிக்கை. மின்விசிறி மெதுவாகச் சுழல்வதைக் கண்டே மின் தொகுப்பின் நிலையை ஊகிக்கலாம் என்று மூத்த பொறியாளர்கள் நினைவுகூரும் காலம் அது.

*முதல் நாள் காலையில் தொடங்கும் பணி*

நாளைய மின்சாரத்துக்கான அட்டவணை இன்று காலையே தொடங்கிவிடுகிறது. முதல் அடி மின் நிலையத்துடையது. மறுநாள் ஒவ்வொரு கூறிலும் தன்னால் எத்தனை மெகாவாட் தர முடியும் என்று நிலையம் தெரிவிக்கும். இதுவே ‘அறிவிக்கப்பட்ட திறன்’. அந்தத் திறனில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள பங்கை மண்டல மையம் கணக்கிட்டு அனுப்பும். இது ‘உரிமைப் பங்கு’. அந்த உரிமைக்குள் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று மாநிலம் சொல்வது ‘கோரிக்கை’. கோரிக்கைகளைத் தொகுத்து, மின்தடங்களின் கொள்ளளவையும் சரிபார்த்து வெளியிடப்படுவதே ‘அட்டவணை’. இந்த நான்கு சொற்களையும் ஒன்றுடன் ஒன்று குழப்பிக்கொள்வதால்தான் ஒப்பந்தம் தொடர்பான வாதங்களில் பாதி எழுகின்றன.

விஜயபுரா மாவட்டத்தில் உள்ள தேசிய அனல் மின் கழகத்தின் கூடகி நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். தலா 800 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் கொண்ட 2,400 மெகாவாட் நிலையம் அது. கர்நாடக மண்ணில் இருந்தாலும் அதன் மின்சாரம் கர்நாடகத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகம் உள்ளிட்ட பிற தென் மாநிலங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மத்திய அனல் நிலையங்களில் பொதுவாக 15 சதவீதத் திறன் யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்கப்படாமல், பற்றாக்குறைக் காலத்தில் பகிர்ந்தளிப்பதற்காக மத்திய அரசின் கையில் இருக்கும். ஆகவே மாநிலத்தின் உரிமைப் பங்கே அவ்வப்போது மாறக்கூடியது.

2010ஆம் ஆண்டின் மின் தொகுப்பு விதிகளின்படி மாநிலங்கள் தங்கள் கோரிக்கையைப் பிற்பகல் 3 மணிக்குள் தெரிவித்தால் போதும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு இந்தக் கெடுவைக் காலை 8 மணிக்கு முன்னிழுத்தது. ஏழு மணி நேர மாற்றம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மின் சந்தையின் மறுநாள் ஏலம் முற்பகலில் நடைபெறுகிறது. முன்பு, சந்தை விலையைப் பார்த்த பிறகும் ஒப்பந்த நிலையத்திடம் கோரிக்கை வைக்க மாநிலங்களுக்கு வாய்ப்பு இருந்தது. இப்போது ஒப்பந்த மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சந்தைக்குப் போக வேண்டும். வாங்குபவர் விட்டுக்கொடுத்த மின்சாரத்தை நிலையம் அதே ஏலத்தில் விற்கவும் முடிகிறது.

கர்நாடகத்தில் இந்தக் கணிப்பைச் செய்ய வேண்டிய பொறுப்பு பலரிடம் பிரிந்து கிடக்கிறது. பெஸ்காம், மெஸ்காம், ஹெஸ்காம், ஜெஸ்காம், சாமுண்டேஸ்வரி ஆகிய ஐந்து மின் வழங்கல் நிறுவனங்களின் சார்பில் மின்சாரம் வாங்குவதற்காக ‘பவர் கம்பெனி ஆஃப் கர்நாடகா’ 2007இல் அமைக்கப்பட்டது. தடங்களை மின் கடத்தல் கழகமும், அன்றாட இயக்கத்தை மாநில மின்சுமை பகிர்வு மையமும் கவனிக்கின்றன. நாளை பிற்பகல் 3.15க்கு பெங்களூரின் தேவை என்ன, ராய்ச்சூர் வயல்களின் பம்ப்செட் தேவை என்ன என்று இன்று அதிகாலையே கணித்தாக வேண்டும். கோடை மழை ஒன்று எதிர்பாராமல் பெய்தால் அந்தக் கணிப்பு முழுவதும் தலைகீழாகிவிடும்.

*சொன்னதை மாற்ற எவ்வளவு நேரம்?*

கணிப்பு தவறும் என்பது தெரிந்ததே என்பதால் அட்டவணையைத் திருத்த விதி இடம் தருகிறது. ஆனால் திருத்தம் உடனே நடைமுறைக்கு வராது. கோரிக்கை வந்த கூறை முதலாவதாக எண்ணி, அது ஒற்றைப்படைக் கூறாக இருந்தால் ஏழாவது கூறிலிருந்தும், இரட்டைப்படைக் கூறாக இருந்தால் எட்டாவது கூறிலிருந்தும் திருத்தம் செல்லுபடியாகும்.

விதியைப் படிக்கும்போது தலை சுற்றினாலும் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தால் எளிது. காலை 10.10க்கு ஒரு கோரிக்கை வருகிறது என்போம். 10 முதல் 10.15 வரையிலானது 41ஆவது கூறு, ஒற்றைப்படை. ஏழாவதாக எண்ணினால் 47ஆவது கூறு, அதாவது 11.30 மணி. அதே கோரிக்கை பத்து நிமிடம் தாமதித்து 10.20க்கு வந்தால் 42ஆவது கூறில் விழும். எட்டாவதாக எண்ணினால் 49ஆவது கூறு, அதாவது நண்பகல் 12 மணி. பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை மணி நேர விலை.

இந்த விசித்திரமான கணக்குக்குக் காரணம் 2020ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி தொடங்கிய ‘நிகழ்நேரச் சந்தை’. அந்தச் சந்தையில் அரை மணிக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 48 ஏலங்கள் நடைபெறுகின்றன. ஏலம் முடிந்து ஒரு மணி நேரத்தில் மின்சாரம் கைமாறுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 11.30 முதல் 12 மணி வரையிலான மின்சாரத்துக்கான ஏலம் 10.15க்குத் திறந்து 10.30க்கு மூடுகிறது. ஏலம் திறந்த பிறகு ஒப்பந்த அட்டவணையையும் மாற்ற அனுமதித்தால், ஒரே மெகாவாட்டை ஒப்பந்தக்காரருக்கும் சந்தைக்கும் இருமுறை கணக்கிட நேரும். எனவே கதவு 10.15க்கே சாத்தப்படுகிறது. அதற்கு முந்தைய நடைமுறையில் நான்காவது கூறிலேயே திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடும். 10.10க்குக் கேட்டால் 10.45க்குக் கிடைத்தது. சந்தையின் வசதிக்காக ஒப்பந்தத்தின் நெகிழ்வு குறைக்கப்பட்டது என்றே இதைக் கொள்ள வேண்டும். அதற்கு ஈடாகப் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு புதிய கடைவீதி கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை.

*எடுக்காத மின்சாரத்துக்கு யார் பணம் தருவது?*

அட்டவணை விதிகளில் பணம் அதிகம் புரளும் இடம் இதுவே.

நீண்டகால நிலக்கரி ஒப்பந்தங்களில் விலை இரு பகுதிகளாக இருக்கும். நிலையத்தைக் கட்டிய கடன், பராமரிப்பு, முதலீட்டுக்கான ஆதாயம் ஆகியவற்றுக்கானது ‘நிலைக் கட்டணம்’. எரித்த நிலக்கரிக்கானது ‘எரிசக்திக் கட்டணம்’. எரிசக்திக் கட்டணம் அட்டவணையில் எழுதப்பட்ட யூனிட்டுகளுக்கு மட்டுமே உரியது. நிலைக் கட்டணமோ, நிலையம் தயாராக இருந்தது என்பதற்காகத் தரப்படுவது. மத்திய விதிமுறைகளின்படி நிலக்கரி நிலையங்கள் பொதுவாக 85 சதவீதத் திறனைக் கிடைப்பில் வைத்திருந்தால் முழு நிலைக் கட்டணத்தையும் பெறலாம். வாங்குபவர் ஒரு யூனிட்கூட எடுக்காவிட்டாலும் அது மாறாது.

கணக்குக்காக ஒரு நிலையத்தின் நிலைக் கட்டணம் யூனிட்டுக்கு 2 ரூபாய், எரிசக்திக் கட்டணம் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் எடுத்தால் யூனிட் 5 ரூபாய். பாதி மட்டும் எடுத்தால், மொத்த நிலைக் கட்டணமும் பாதி யூனிட்டுகளின் மேல் ஏறி, யூனிட் 7 ரூபாய் ஆகிவிடும். “7 ரூபாய்க்கு மின்சாரம் வாங்கினார்கள்” என்ற குற்றச்சாட்டு இப்படித்தான் பிறக்கிறது. அது எண்ணளவில் சரி, பொருளளவில் பெரும்பாலும் தவறு. நிலைக் கட்டணம் எப்படியும் தர வேண்டியது. ஆகவே நண்பகலில் சந்தையில் யூனிட் 2.50 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதை ஒப்பிட வேண்டியது 5 ரூபாயுடனோ 7 ரூபாயுடனோ அன்று. 3 ரூபாய் எரிசக்திக் கட்டணத்துடன்தான். ஒப்பந்த மின்சாரத்தை விட்டுச் சந்தையில் வாங்கினால் யூனிட்டுக்கு 50 காசு மிச்சம். எரிசக்திக் கட்டணம் குறைந்த நிலையத்தை முதலிலும் அதிகமானதைக் கடைசியிலும் அழைக்கும் ‘தகுதி வரிசை’ முறையின் அடிப்படை இந்தக் கணக்குதான்.

ஆனால் இந்தக் கணக்கு காகிதத்தில் இருக்கும் அளவுக்குக் களத்தில் சுத்தமாக இருப்பதில்லை. நிலக்கரிக் கொதிகலனை விருப்பம்போல் குறைக்க முடியாது. மத்திய நிலையங்களுக்குக் குறைந்தபட்ச இயக்க அளவு 55 சதவீதம் என 2016இல் வரையறுக்கப்பட்டது. 500 மெகாவாட் அலகு ஒன்றை 275 மெகாவாட்டுக்குக் கீழே இறக்க இயலாது. நண்பகலில் அதிலிருந்து 100 மெகாவாட் போதும் என்றால், ஒன்று 275 மெகாவாட்டையும் எடுக்க வேண்டும், அல்லது அலகையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மீண்டும் சூடேற்றி முழுத் திறனுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். மாலை 6.30க்குச் சூரியன் மறைந்து, பெங்களூரு வீடுகளில் விளக்கும் சமையல் கருவிகளும் எரியத் தொடங்கும் நேரத்தில் அதே 500 மெகாவாட்டும் வேண்டியிருக்கும். எனவே நண்பகலில் விலை கூடுதலாக இருந்தும் எடுக்கப்படும் அந்த 275 மெகாவாட், உண்மையில் மாலை மின்சாரத்துக்காகச் செலுத்தப்படும் முன்பணம்.

கர்நாடகத்தில் இது கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. சூரிய மின்சாரம் பெருகிய மாநிலம் என்பதால் பகலில் மின்சாரம் மலிவு, மாலையில் தட்டுப்பாடு. பாசன பம்ப்செட்டுகளுக்கான மின் விநியோகத்தைப் பகல் நேரத்துக்கு மாற்றியதும் இதனால்தான். 2024 மார்ச்சில் மாநிலத்தின் உச்சத் தேவை 17,000 மெகாவாட்டைத் தாண்டியது.

வாங்குபவர் விட்டுக்கொடுத்த மின்சாரம் வீணாகாமல் இருக்க மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட தாமதக் கட்டண விதிகள் ஒரு வழி செய்தன. மறுநாள் சந்தை ஏலம் முடிவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மின் வழங்கல் நிறுவனம் தன் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால், கோரப்படாத மின்சாரத்தைச் சந்தையில் விற்கும் உரிமை நிலையத்துக்கு வந்துவிடும். 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம் மறுபக்கத்தையும் கட்டியது. உபரியைச் சந்தையில் விற்பனைக்கு வைக்காத நிலையம், அந்த அளவுக்கான நிலைக் கட்டணத்தைக் கோர முடியாது.

விற்பவர் பக்கத்திலும் ஏமாற்ற வழி உண்டு. நிலக்கரி இல்லாமலோ, இயந்திரம் பழுதாகியோ இருக்கும் நிலையம், எப்படியும் தன்னை அழைக்க மாட்டார்கள் என்ற துணிவில் முழுத் திறனையும் அறிவித்துவிட்டு நிலைக் கட்டணம் வாங்கலாம். இதைத் தடுக்கத்தான் சொன்ன திறனைச் செய்து காட்டுமாறு மண்டல மையம் கேட்கலாம் என்ற விதி இருக்கிறது. பொய்யறிவிப்பு என்று உறுதியானால் முதல் தவறுக்கு இரண்டு நாள் நிலைக் கட்டணம், இரண்டாவதற்கு நான்கு நாள், பின்னர் இரட்டிப்பாகிக்கொண்டே போகும் தண்டம் என மத்திய விதிமுறைகள் வகுத்தன.

*குறுகியகால ஒப்பந்தங்களில் வேறு கணக்கு*

கோடைக்காக இரண்டு மாதம், மூன்று மாதம் என்று வாங்கும்போது நிலைக் கட்டணம் தனியாக இருப்பதில்லை. ஒரே விலைதான். மத்திய அரசின் ‘டீப்’ மின்னணு ஏலத் தளத்தின் வழியே வாங்குவதற்காக 2016இல் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல், மாதக் கணக்கில் 15 சதவீதம் வரை அட்டவணை குறையலாம் என அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால், குறையும் யூனிட்டுகளுக்கு ஒப்பந்த விலையில் 20 சதவீதத்தைத் தவறு செய்த தரப்பு இழப்பீடாகத் தர வேண்டும்.

யூனிட் 5 ரூபாய் விலையில் 100 மெகாவாட்டை 30 நாளும் இரவு பகலாக வாங்க ஒப்பந்தம் என்போம். மொத்தம் 7.2 கோடி யூனிட். அதில் 85 சதவீதமான 6.12 கோடி யூனிட் வரை குறைத்தாலும் தண்டம் இல்லை. மழை பெய்து தேவை சரிந்து 5 கோடி யூனிட் மட்டும் எடுத்தால், 1.12 கோடி யூனிட்டுக்குத் தலா ஒரு ரூபாய் வீதம் 1.12 கோடி ரூபாய் இழப்பீடு. மின்தடத்துக்காகப் பதிவு செய்த கட்டணம் இதற்குப் புறம்பு.

இதே விதி விற்பவரையும் கட்டுகிறது என்றாலும், இரு தரப்புக்கும் வலி சமமன்று. சந்தை விலை 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடும் நாளில், 5 ரூபாய் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு யூனிட்டுக்கு ஒரு ரூபாய் தண்டம் கட்டினாலும் விற்பவருக்கு நான்கு ரூபாய் மிச்சமாகலாம். தண்டம் விலையுடன் பிணைக்கப்பட்டிருக்கும் வரை, பற்றாக்குறைக் காலத்தில் அது பலவீனமான காவல்தான்.

ஒப்பந்தத்தில் எளிதில் கண்ணில் படாத இன்னொரு சொல் ‘ஒப்படைப்பு இடம்’. நூறு மெகாவாட் என்பது நிலையத்தின் வாசலிலா, மாநில எல்லையிலா? வழியில் ஏற்படும் மின் இழப்பை யார் தாங்குவது என்பதை அந்த ஒரு சொல் தீர்மானித்துவிடும்.

*சூரியனுக்கும் காற்றுக்கும் அட்டவணை*

துமகூரு மாவட்டம் பாவகடாவில், விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்த சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா விரிந்து கிடக்கிறது. பத்து நிமிடத்தில் ஒரு மேகக் கூட்டம் அதன் உற்பத்தியை வெகுவாகக் குறைத்துவிடும். ஆனால் மேலே கண்டபடி, 10.10க்கு மேகம் வந்தால் அட்டவணை 11.30க்குத்தான் அதை அறியும். இடைப்பட்ட நேரத்தை நிரப்ப ஷராவதி போன்ற நீர்மின் நிலையங்கள் ஓட வேண்டும். 1,035 மெகாவாட் திறனுள்ள ஷராவதி நிலையத்தின் மதிப்பு, அது தரும் யூனிட்டுகளைவிட, அழைத்தவுடன் வந்து நிற்கும் வேகத்தில் இருக்கிறது.

காற்று, சூரிய மின் உற்பத்தியாளர்களும் முன்கூட்டிக் கணித்து அட்டவணை தர வேண்டும் என்று கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் வகுத்தது. பிழை 15 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டம் இல்லை. 15 முதல் 25 வரை யூனிட்டுக்கு 50 காசு, 25 முதல் 35 வரை ஒரு ரூபாய், அதற்கு மேல் ஒன்றரை ரூபாய். இங்கும் நுணுக்கம் வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது. பிழை, அட்டவணையின் சதவீதமாக அல்லாமல் கிடைக்கும் திறனின் சதவீதமாகக் கணக்கிடப்பட்டது. 100 மெகாவாட் நிலையம் 60 என்று சொல்லி 40 தந்தால், அட்டவணையை வைத்துப் பார்த்தால் பிழை 33 சதவீதம். திறனை வைத்துப் பார்த்தால் 20 சதவீதம் மட்டுமே. அந்தக் கால் மணி நேரத்துக்கு, 15 சதவீதத்தைத் தாண்டிய 5 மெகாவாட்டுக்கான 1,250 யூனிட்டுகளுக்கு 625 ரூபாயோடு விஷயம் முடிந்துவிடும்.

சூரிய மின் ஒப்பந்தங்களில் பொதுவாக நிலைக் கட்டணம் கிடையாது. உற்பத்தியான யூனிட்டுக்கு மட்டுமே பணம். ஆகவே ‘உற்பத்தியைக் குறை’ என்ற அதே உத்தரவு நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருள் மிச்சத்தையும், சூரிய நிலையத்துக்கு முழு இழப்பையும் தருகிறது. தமிழகத்தில் இந்த வேறுபாடு வழக்கானது. சூரிய மின் உற்பத்தியைக் குறைக்கும்படி பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளை எதிர்த்து தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு தொடுத்த மேல்முறையீட்டில், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதி தீர்ப்பளித்தது. மின் தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வணிகக் காரணத்துக்காகக் குறைக்கப்பட்ட மின்சாரத்துக்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதத்தை இழப்பீடாக வழங்க அது உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், இத்தகைய நிலையங்களைத் தகுதி வரிசையைக் காட்டியோ வேறு வணிகக் காரணத்தாலோ குறைக்கக் கூடாது என்றும், குறைத்தால் ஒப்பந்த விலையில் ஈடு தர வேண்டும் என்றும் கூறின.

*விலகினால்*

அட்டவணையில் எழுதியதற்கும் மீட்டர் காட்டுவதற்கும் இடையிலான வேறுபாடு ‘விலகல்’ எனப்படும். அது ஒப்பந்தக்காரர்கள் இருவருக்கிடையே தீர்க்கப்படுவதில்லை. மண்டலத்தின் பொதுக் கணக்கில் தீர்க்கப்படுகிறது. வாங்குபவர் கூடுதலாக உறிஞ்சினால் அதற்கான தண்டம் அவர் தலையில் விழும், விற்றவருக்கு அட்டவணைப்படியான பணம் தடையின்றிப் போய்ச் சேரும்.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் இருளில் மூழ்கியபோது, சில மாநிலங்கள் அட்டவணையை மீறி மின்சாரம் எடுத்தது காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்பட்டது. தென்மண்டலம் அன்று தப்பியது. நாட்டின் பிற பகுதிகளுடன் அது அப்போது ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியதும் அந்தத் தனிமை முடிவுக்கு வந்தது. இப்போது பஞ்சாபில் நேரும் விலகல் பெங்களூரின் அதிர்வெண்ணிலும் தெரியும். பஞ்சாபின் மின்சாரம் பெங்களூருக்கு வருவதும் அதே இணைப்பால்தான்.

2023இல் பருவமழை பொய்த்து அணைகளில் நீர் குறைந்தபோது கர்நாடகம் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியது. பஞ்சாப், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிடமிருந்து பண்டமாற்று முறையில் மின்சாரம் பெற ஏற்பாடு செய்யப்பட்டது. மாநில உற்பத்தியாளர்கள் வெளியே விற்காமல் தனக்கே வழங்க வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 11ஆவது பிரிவின் கீழ் அரசு உத்தரவும் பிறப்பித்தது. பண்டமாற்றில் பணம் கைமாறுவதில்லை. எனவே அங்கு விலையே அட்டவணைதான். தனக்குப் பற்றாக்குறையான மாதங்களில், தேவையான மணிகளில் வாங்கி, காற்று வீசும் பருவமழைக் காலத்தில் திருப்பித் தந்தால் லாபம். திருப்பித் தர வேண்டிய மணி மாலை உச்ச நேரமாக எழுதப்பட்டிருந்தால், இலவசமாகத் தெரிந்த மின்சாரம் சந்தையின் உச்ச விலைக்கே வந்து முடியும்.

*பணம் கட்டினால்தான் அட்டவணை*

2019 ஆகஸ்ட் 1 முதல், வங்கிக் கடனுறுதிக் கடிதம் அல்லது முன்பணம் இல்லாமல் மின்சாரத்துக்கு அட்டவணை போடக் கூடாது என்ற நடைமுறையை மத்திய அரசு கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டின் விதிகள் அதை மேலும் இறுக்கின. அந்த ஆண்டு ஆகஸ்டில், நிலுவை வைத்திருந்ததாகத் தமிழகம், கர்நாடகம் உள்ளிட்ட 13 மாநிலங்களின் மின் வழங்கல் நிறுவனங்கள் மின் சந்தைகளில் வாங்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. பணம் செலுத்திவிட்டதாகச் சில மாநிலங்கள் தெரிவித்ததையடுத்து அவற்றின் பெயர்கள் நீக்கப்பட்டன. கணக்கர் ஒருவரின் பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டால் மின்சாரமே நிற்கலாம் என்பதை அந்த நாட்கள் காட்டின.

இந்த விதிகளின் விளைவு நுகர்வோரின் ரசீதில் ஒரே ஒரு வரியாகத் தெரிகிறது. ‘எரிபொருள் மற்றும் மின் கொள்முதல் செலவு சரிக்கட்டல்’ என்ற பெயரில் மாதந்தோறும் கூடியும் குறைந்தும் வரும் தொகை அது. நிலக்கரி விலை, சந்தையில் அவசரமாக வாங்கிய மின்சாரம், எடுக்காத மின்சாரத்துக்கான நிலைக் கட்டணம் என ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் கொள்முதல் செலவுகள் இதன் வழியாகவோ ஆண்டுக் கட்டண நிர்ணயத்தின் வழியாகவோ நுகர்வோரை வந்தடைகின்றன. ஆணையம் நடத்தும் பொது விசாரணைகளில் எந்த நுகர்வோரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எந்த நிலையத்திடமிருந்து எத்தனை யூனிட் எடுக்கப்பட்டது, எவ்வளவு நிலைக் கட்டணம் செலுத்தப்பட்டது என்ற விவரங்கள் மின் வழங்கல் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் ஆண்டு மனுக்களின் பின்னிணைப்பில் இடம்பெறுகின்றன.